பாஸ் சொன்னவர் கையில் என்ன?

அய்யாத்துரை அண்ணாச்சி முதன்முதலில் என் ஸ்டூடியோவுக்கு வந்தது பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க. ஸ்டூலில் உட்காரவைத்து, நாடியை நிமிர்த்தி, விளக்கைப் போட்டுவிட்டுக் கேமராவுக்குப் பின்னால் குனிந்தேன். "தம்பி, உள்ள பிலிம் இருக்கா?" என்றார். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அத்தனை வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். முழு போதையில் வந்த மாப்பிள்ளைகூட என்னை அப்படிக் கேட்டதில்லை. எனக்குச் சுள்ளென்று வந்தது.

"இல்ல அண்ணாச்சி, பொழுது போகாம லைட்டப் போட்டு வெளையாடிக்கிட்டு இருக்கேன்."

அவர் சிரிக்கவில்லை. "கோவப்படாதீய. கேட்டு வச்சிக்கிடுதது நல்லதுல்லா" என்றார்.

ஆள் அப்படித்தான். பஸ்ஸின் நெற்றியில் விளாத்திகுளம் என்று எழுதியிருக்கும். டிரைவரிடம் ஒரு தரம், கண்டக்டரிடம் ஒரு தரம் கேட்டுவிட்டு, உள்ளே உட்கார்ந்திருக்கிற கிழவியிடமும் கேட்டுத்தான் ஏறுவார். கடம்பூர் ஸ்டேஷனில் போளி வாங்கினால், சூடு இருக்கிறதா என்று பொட்டலத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். சர்க்கரை இல்லை என்று இங்கே ஒரு டாக்டர் சொன்னால் விருதுநகரில் இன்னொருவர் சொல்ல வேண்டும். அவர் மனைவி பேபி மதினி சொல்லுவாள்: "எங்க கல்யாணத்தில முகூர்த்த நேரம் வந்திட்டுன்னு ஐயர் சொன்னாரு. இவிய தாலியக் கையில வச்சிக்கிட்டு கடியாரத்தப் பாத்தாவ."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தொழில் அப்படி. அவர் மிளகாய் வத்தல் வியாபாரி. விளாத்திகுளம் சாலையில் இருக்கிற ஏலக்களத்தில், கரிசல் காட்டு வத்தலையெல்லாம் அம்பாரம் அம்பாரமாகக் கொட்டி வைத்திருப்பார்கள். வியாபாரிகள் சுற்றி வருவார்கள். ஏலக்காரர் உச்சிமாகாளி ஒவ்வொரு அம்பாரத்துக்கும் விலை கூறுவார். அங்கே உண்மைக்கு இடமே கிடையாது. எடை ஏறத் தண்ணி தெளிக்கவே இல்லை என்பார், வத்தலை விளையவைத்துக் கொண்டுவந்த சம்சாரி. எந்த அம்பாரத்தின் மேல் ஆசையோ அதைக் காலால் எத்திவிட்டு மூஞ்சியைச் சுளிப்பார் வியாபாரி. இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. ஏன் விலை சொன்னாய், ஏன் சொல்லாமல் விட்டாய் என்று ஒருவர் இன்னொருவரிடம் கேட்கவே கூடாது. கேட்டுவிட்டால் அவனுக்கு வியாபாரம் தெரியாது என்று ஆகிவிடும்.

இந்தக் கட்டுப்பாடுதான் அண்ணாச்சியைப் பாடாய்ப் படுத்தியது. களத்தின் வாசலிலேயே பெரிய கடை வைத்திருந்தவர் கோபாலசாமி. சொந்த ஊர் விளாத்திகுளத்துக்குத் தெற்கே ஒரு கிராமம். வீட்டில் தெலுங்கு பேசுகிற சம்சாரிக் குடும்பம். வத்தலை உள்ளங்கையில் வைத்து ஒரு குலுக்குக் குலுக்கினாலே உள்ளே ஈரமா இல்லையா என்று சொல்லிவிடுவார். கொஞ்சம் தலைக்கனம் பிடித்த மனிதர் என்று பெயர். பின்னால் இருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். அவர் விலை சொன்னால் சரக்கு நல்ல சரக்கு என்று களமே ஏற்றுக்கொள்ளும்.

அப்படிப்பட்டவர், மூன்று பருவமாக ஒரு மாதிரி நடந்துகொண்டார். முதல் இரண்டு அம்பாரத்துக்கு வழக்கம்போல் விலை சொல்வார். அதற்குள் வத்தல் தூசி கிளம்பிவிடும். எல்லாரும் மூக்கையும் வாயையும் சேர்த்துத் துண்டைக் கட்டுவார்கள். உச்சிமாகாளிக்கு இழுப்பு, டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்ததால் அவரும் கட்டிக்கொண்டுதான் விலை கூறுவார். அதற்கப்புறம் கோபாலசாமி தூண் மாதிரி நிற்பார். எவ்வளவு நல்ல அம்பாரம் வந்தாலும் வாயே திறக்க மாட்டார்.

அய்யாத்துரை அண்ணாச்சி உட்கார்ந்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். கோபாலசாமி சும்மா நின்றால் சரக்கில் ஏதோ இருக்கிறது. நமக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அன்றிலிருந்து கோபாலசாமி நிறுத்தினால் இவரும் நிறுத்தினார். நல்ல நல்ல அம்பாரமெல்லாம் வெளியூர்க்காரர்கள் கைக்குப் போனது. இவர் கடையில் சாக்கு குறைந்தது. பேபி மதினி நாலு வார்த்தை பேசினால், "உனக்கு ஒண்ணும் தெரியாது, அவிய காரணம் இல்லாம நிக்க மாட்டாவ" என்று அடக்கிவிடுவார்.

இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் பொங்கல் கழிந்ததும் கோபாலசாமி ஆள் விட்டிருந்தார். கடையை விட்டுவிட்டு ஓசூரில் மகன் வீட்டோடு போகப்போகிறாராம். வாசல் கடை. முதலில் அய்யாத்துரையைத்தான் கேட்கிறாராம். பங்குனி முடிவதற்குள் வேண்டும், வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

அந்தக் கடையின் மேல் அண்ணாச்சிக்கு வாலிப வயதிலிருந்தே கண். களத்துக்குள் நுழைகிற ஒவ்வொரு வண்டியும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். கிடைத்தால் சரிந்த வியாபாரம் நிமிர்ந்துவிடும். விட்டால் வெளியூர்க்காரன் வந்து உட்காருவான். இவர் உள்ளே மூலைக் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். பேபி மதினி மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமிக்கு நேர்ந்தே விட்டாள். இவருக்கோ சோறு இறங்கவில்லை. ஸ்டூடியோவுக்கு வந்து என்னிடம் புலம்பினார்.

"நல்லா ஓடுத கடைய எவனாவது விடுவானா, சோலை? உள்ள என்னமோ இருக்கு. மூணு வருசமா வாய மூடிக்கிட்டு நிக்காவ, இப்ப கடையையும் விடுதாவ. ரெண்டும் ஒண்ணுதான். என்னன்னுதான் பிடிபட மாட்டேங்கு."

"நேராப் போயிக் கேட்டுருங்களேன்."

என்னை ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்டவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு, "நீரு ஞாயித்துக்கிழமை கிளப்புல அவியகூடத்தானவே சீட்டு ஆடுதீரு? எனக்கும் கத்துக்குடும். எதுத்தாப்ல உக்காந்து மூஞ்சியப் பாத்தா ஏதாவது தெரியும்லா" என்றார்.

எங்கள் கிளப் தீப்பெட்டி முதலாளிகள் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரிட்ஜ் நடக்கும். இருபத்தெட்டு என்கிற சீட்டாட்டம் தெரிந்தவருக்கு பிரிட்ஜ் பிடிபடப் பெரிய நாளாகாது. நாலு பேர், எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஜோடி. ஆளுக்கு ஒரு சீட்டு இறக்க, அந்த நாலும் சேர்ந்து ஒரு பிடி; பெரிய சீட்டுக்காரர் எடுப்பார். முதலில் ஏலம். இந்தத் துருப்பில் இத்தனை பிடி எடுப்போம் என்று மாறி மாறி ஏறிக்கொண்டே போக வேண்டும். அதிகம் சொன்ன ஜோடி ஆட வேண்டும். அந்த ஜோடியில் ஒருவர் தன் சீட்டையெல்லாம் மேசையில் விரித்து வைத்துவிட்டு வாயை மூடி உட்கார வேண்டும். அவருக்குப் பெயர் டம்மி. இன்னொருவர் இரண்டு கையையும் சேர்த்து ஆடுவார்.

அய்யாத்துரை அண்ணாச்சிக்கு ஜோடி நான். வாய் அடங்காத என்னைக் கொண்டுபோய் டம்மியாக உட்கார வைத்தது என் தலையெழுத்து.

எங்கள் கிளப்பில் ஏலத்தை வாயால் சொல்வதில்லை. ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டி. அதில் எல்லா ஏலமும் அச்சடித்த அட்டையாக இருக்கும். சொல்ல வேண்டியதை எடுத்து மேசையில் வைக்க வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் பச்சை அட்டை, பாஸ். அந்தப் பெட்டிகளை மெட்ராஸிலிருந்து வாங்கிவந்து கிளப்புக்குக் கொடுத்தவரே கோபாலசாமிதான். வாயால் சொன்னால் பக்கத்து மேசைக்குக் காதில் விழுகிறது என்று காரணம் சொன்னார். அவருக்கு ஜோடி அவர் மனைவி சுந்தரம்மாள். போத்தனூர் ரயில்வே காலனியில் வளர்ந்தவர், அங்கேயே பிரிட்ஜ் படித்தவர். கிளப்பில் ஆடுகிற ஒரே பெண். கோபாலசாமியிடம் யார் எது பேசினாலும் பாதிக்கு மேல் அவர்தான் பதில் சொல்வார்.

முதல் சில வாரம் நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. எதிராளி இஸ்பேட் சொன்னால், "இஸ்பேடே இருக்காது, மெரட்டுதாவ" என்று முடிவு கட்டிவிடுவார் அண்ணாச்சி. எதிராளி பாஸ் சொன்னால் அவர் கையில்தான் பெரிய சீட்டெல்லாம் பதுங்கியிருக்கிறது என்று நினைத்து ஆடுவார். வாரா வாரம் தோல்வி. நான் டம்மி, மேசைக்கு அடியில் என் வேட்டியை நானே கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆட்டம் முடிந்து டீக்கடைக்கு வந்ததும் எனக்கு வாய் திறந்துவிடும்.

"அண்ணாச்சி, இது வத்தல் ஏலம் இல்ல. இங்கன ஒருத்தரு சொல்லுதது அவரு ஜோடிக்குக் கையில இருக்கதத் தெரியப்படுத்தத்தான். பொய் சொன்னா மொதல்ல ஏமாறுதது அவரு ஜோடிதான். நாம ஓசியில தெரிஞ்சிக்கிடுதோம், அம்புட்டுதான்."

"சரிவே. பாஸ்னா?"

"பாஸ்னா கையில சரக்கு இல்லன்னு அர்த்தம். ஏஸுக்கு நாலு புள்ளி, ராஜாவுக்கு மூணு, ராணிக்கு ரெண்டு, ஜாக்கிக்கு ஒண்ணு. பன்னெண்டு, பதிமூணு இருந்தா எவரும் சும்மா இருக்க மாட்டாவ. மொத ஆளா பாஸ் வச்சா அம்புட்டு இல்லன்னு எழுதி வச்சிக்கிடுங்க."

"இல்லன்னு எவனாவது தானாச் சொல்லுவானா?" என்று கேட்டுவிட்டு டீயை ஆற்றினார்.

"நம்பலைன்னா கேட்டுக்கிடலாம். எதிராளி சொன்னதுக்கு என்ன அர்த்தம்னு கேக்க நமக்கு உரிமை இருக்கு. ஆனா சொன்னவர்ட்ட கேக்கக் கூடாது. அவரு ஜோடிகிட்ட கேக்கணும். அவங்க தெரிஞ்சத மறைக்காமச் சொல்லியாகணும். அது விதி."

டம்ளர் வாய்க்குப் போகாமல் நின்றது. "ஏன்னு கேக்கலாமா?" என்றார்.

"கேக்கலாம்."

"அவரு ஜோடிகிட்ட."

"ஜோடிகிட்ட."

 டீக்குக் காசு கொடுத்தவர் மிச்சத்தை எண்ணாமல் பையில் போட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பங்குனிக் கடைசி ஞாயிறு வந்தது. அன்று பதில் சொல்லியாக வேண்டும். வரும்போதே அவர் முகம் வெளுத்திருந்தது. "வாங்கிட்டு வாங்கன்னு பேபி திருநீறு பூசி அனுப்பிருக்கா. நான் இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணலவே" என்றார்.

கோபாலசாமி எப்போதும்போல் சுவரில் முதுகு சாய்ந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அய்யாத்துரைக்கு இடது பக்கம் கோபாலசாமி, வலது பக்கம் சுந்தரம்மாள், எதிரே நான். கடைசி ஆட்டத்துக்குச் சீட்டுப் போட்டது கோபாலசாமி. போட்டவர்தான் முதலில் சொல்ல வேண்டும். அவர் பச்சை அட்டையை எடுத்து வைத்தார். பாஸ்.

நானும் அண்ணாச்சியும் ஏறி ஏறி, இஸ்பேட் துருப்பில் பத்துப் பிடி என்று நின்றோம். மொத்தம் பதின்மூன்று பிடி. மூன்று போகலாம், நான்காவது போகக் கூடாது. கோபாலசாமி முதல் சீட்டாக டைமன் ஏஸை இறக்கினார். நான் என் சீட்டை விரித்துவிட்டு வாயை மூடினேன். பிறகு அவர் டைமன் ராஜாவை இறக்கினார். கொஞ்சம் பொறுத்து ஹார்ட் ஏஸையும் இறக்கிப் பிடித்தார். மூன்றும் போய்விட்டது.

இனி எல்லாம் கிளாவர் ராணியில் இருந்தது. அண்ணாச்சி கையில் ஏஸும் ஜாக்கியும் ஒரு சின்னதும். மேசையில் என் ராஜாவும் பத்தும் ஒரு சின்னதும். ராணி சுந்தரம்மாளிடம் இருந்தால் மேசையிலிருந்து ஆடி ஜாக்கியால் பிடிக்க வேண்டும். கோபாலசாமியிடம் இருந்தால் இவர் கையிலிருந்து ஆடிப் பத்தால் பிடிக்க வேண்டும். திசை மாறினால் நான்காவது பிடியும் போச்சு.

எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு ஏஸ் எட்டு, ராஜா மூன்று, பதினொன்று. ராணியும் இருந்தால் பதின்மூன்று. பதின்மூன்றை வைத்துக்கொண்டு கோபாலசாமி பச்சை அட்டை வைத்திருக்க மாட்டார். ராணி அந்த அம்மாளிடம்தான். ஆனால் அய்யாத்துரை அண்ணாச்சி கோபாலசாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபாலசாமியும் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போச்சு, வழக்கம்போல் அங்கேதான் தேடப்போகிறார் என்று நான் பல்லைக் கடித்தேன்.

அண்ணாச்சியின் உதடு அசைந்தது. விரலை மடக்கி எதையோ எண்ணினார். பிறகு மேசையில் பச்சை அட்டை வைத்திருந்த இடத்தைப் பார்த்தார். "ராஜா" என்றார். என் ராஜாவைப் போட்டேன். "இப்ப அந்தச் சின்னது" என்றார். சின்னக் கிளாவரைத் தள்ளினேன். சுந்தரம்மாள் சின்னதைப் போட்டார். அண்ணாச்சி ஜாக்கியை வைத்தார். கோபாலசாமியும் சின்னதைத்தான் போட்டார். அடுத்து ஏஸை இறக்க, சுந்தரம்மாள் கையிலிருந்து ராணி வந்து விழுந்தது.

நான் எழுந்து நின்றே விட்டேன். ஜெயித்தவர் அசையவில்லை. அந்த ராணியை விரலால் தொட்டுப் பார்த்தார். "அப்ப இல்லாமத்தான் பாஸ் வச்சிருக்காவ" என்றார், தனக்குத்தானே.

சீட்டைப் பொறுக்கப் போன சுந்தரம்மாளை அவர் கையமர்த்தினார். நன்றாக அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"மதினி, விதிப்படி ஒண்ணு கேக்கணும். நீங்க ஜோடி, அதனால உங்ககிட்ட கேக்கேன். களத்துல மூணு வருசமா மூணாவது அம்பாரத்துல இருந்து அண்ணாச்சி பாஸ் வைக்காவ. அதுக்கு என்ன அர்த்தம்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏலக்களத்தில் ஆயுசு முழுக்கக் கேட்கக் கூடாத கேள்வி. சுந்தரம்மாள் சீட்டுக்கட்டைக் கீழே வைத்தார். கோபாலசாமி, "ஏமி? என்ன கேக்காரு?" என்று மனைவியிடம் கேட்டார். அடுத்த நாற்காலியில் இருந்தவர் தெளிவாகச் சொன்ன வார்த்தை அவருக்கு ஏன் போய்ச் சேரவில்லை என்று நான் நினைப்பதற்குள், சுந்தரம்மாள் சத்தமே இல்லாமல் தெலுங்கில் உதட்டை மட்டும் அசைத்தார். கோபாலசாமி அந்த உதட்டையே பார்த்தார். பார்த்து முடித்ததும் தலையைக் குனிந்துகொண்டார். "செப்பு" என்றார்.

"அவியளுக்குக் காது போயி வருசக்கணக்காச்சு" என்றார் சுந்தரம்மாள். "எதுத்தாப்ல இருக்கவங்க வாயப் பாத்தாப் புரிஞ்சிக்கிடுவாவ. களத்துல உச்சிமாகாளி வாயப் பாத்துத்தான் வெல சொல்லிட்டு இருந்தாவ. மூணு வருசத்துக்கு முந்தி அவன் துண்டக் கட்ட ஆரம்பிச்சதும், வெல எங்க நிக்கின்னே தெரியல. காதுக்கு மிஷின் வச்சுப் பாத்தோம். களத்துச் சத்தமெல்லாம் சேந்து மண்டையில இடிக்குன்னு கழட்டிப் போட்டுட்டாவ. வெளிய தெரிஞ்சா எவன் மதிப்பான், எவன் ஏமாத்துவான்னு ஒருத்தர்ட்டயும் சொல்ல விடல."

"சரக்கு?" என்றார் அண்ணாச்சி. 

"சரக்குக்கு என்ன. எல்லாம் நல்ல சரக்குதான். எல்லாம் கைவிட்டுப் போவுதேன்னு வீட்ல வந்து பொலம்புவாவ. அதுக்குத்தான் கடையே வேண்டாம்னு போறோம்."

மூன்று பருவம் ஒருவர் காது மந்தத்தைப் பார்த்து இன்னொருவர் வியாபாரம் பண்ணியிருக்கிறார். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணாச்சியை எனக்குத் தெரியும். கோபாலசாமியின் நாற்காலிக்குப் பின்னால் போய்க் கைதட்டிச் சோதித்துப் பார்க்காமல் விட மாட்டார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்திருக்கவே இல்லை. சுந்தரம்மாள் சொன்னதை அப்படியே நம்பினார்.

"அப்ப அவிய பாஸ் வைக்கவே இல்ல" என்றார் மெல்ல. "அவிய முறை வந்ததே அவியளுக்குத் தெரியல."

நாற்காலியைத் திருப்பிக் கோபாலசாமிக்கு நேரே போட்டார். ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "அண்ணாச்சி, கடை எனக்கு வேண்டாம்."

"ஏன்? நல்ல கடை" என்றார் கோபாலசாமி.

"தெரியும். நீங்களே வச்சிக்கிடுங்க. வெள்ளிக்கிழமை களத்துக்கு வாங்க, எம் பக்கத்துல நில்லுங்க."

பேபி மதினி மஞ்சள் துணியில் முடிந்த காசு என் நினைவுக்கு வந்தது. வெளியே வந்ததும் கேட்டேன், அவளிடம் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று. "திட்டுவா. திட்டட்டும்" என்றார். கண் நிறைந்திருந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு நானும் போனேன். சும்மா இருக்க முடியுமா? முதல் அம்பாரம், இரண்டாவது அம்பாரம். தூசி கிளம்பியது. ஒவ்வொருவராகத் துண்டைக் கட்டினார்கள், உச்சிமாகாளியும் கட்டினார், நானும் கட்டினேன். அய்யாத்துரை அண்ணாச்சி கட்டவில்லை. துண்டைத் தோளில் போட்டபடி கோபாலசாமிக்கு எதிரே வந்து நின்றார். உச்சிமாகாளி ஒரு விலை கூறினால், இவர் அதைத் திரும்ப ஒருதரம், தனக்குக் கணக்குப் பார்ப்பவர்போல, வாயைத் திறந்து சொன்னார். வத்தல் நெடி நேரே தொண்டைக்குள் இறங்கியது. தும்மினார், இருமினார், மூக்கும் கண்ணும் ஒழுகியது. விலையைச் சொல்லுவதை மட்டும் நிறுத்தவில்லை.

கோபாலசாமி ஒரு பிடி வத்தலை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். பிறகு, மூன்று பருவத்துக்கு அப்புறம், மூன்றாவது அம்பாரத்துக்கு விலை சொன்னார். களம் திரும்பிப் பார்த்தது. அய்யாத்துரை அண்ணாச்சி அதையும் ஒருதரம் சொல்லிவிட்டு, அதற்கு மேலே தன் விலையைச் சொன்னார். எனக்கு இவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. கோபாலசாமி முகத்தில் சிரிப்பு வந்தது. அவர் இன்னும் ஏறினார். இருமிக்கொண்டே இவரும் ஏறினார். கடைசியில் அம்பாரம் கோபாலசாமிக்குப் போனது.

"நல்ல சரக்கு போச்சுவே" என்று என்னிடம் வந்து வயிற்றெரிச்சல் பட்டார். நான் நீட்டிய தண்ணீரைக்கூட உள்ளே தண்ணீர்தானா என்று பார்க்காமல் குடித்தார்.

விருதுநகர் வியாபாரி ஒருவர், வயதில் சின்னவர், பொறுக்க முடியாமல் பக்கத்தில் வந்தார். "துண்டக் கட்டுங்க அண்ணாச்சி. இப்படிச் சாவுதீயளே, எதுக்கு?"

களத்தில் கேட்கக் கூடாத கேள்விதான். ஆனாலும் அண்ணாச்சி பதில் சொன்னார். கோபாலசாமிக்குத் தெரியும்படி முகத்தை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்.

"எனக்குத் துண்டு கட்டினா மூச்சு முட்டும்வே. சின்ன வயசில இருந்தே."

விருதுநகர்க்காரர் தலையாட்டிவிட்டுப் போனார். கோபாலசாமி அந்த வாயைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இரண்டு பேரும் அடுத்த அம்பாரத்துக்கு நடந்தார்கள்.